பழைய பிக்கப் வாங்கறவங்க முதல்ல அடியில படுத்துப் பாருங்க

கனடாவுல ஒன்டாரியோ வந்து மூணு மாசம்தான் ஆகுது, லோன் போட்டு புது பிக்கப் (பின்னாடி திறந்த தொட்டி இருக்கற வண்டி) எடுக்கலாமா இல்ல பழசு ஒண்ண வாங்கி நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தாப்ல. என் ஓட்டு பழசுக்குத்தான். கிரெடிட் ஹிஸ்டரியே இல்லாம போய் நின்னா வட்டியில தாளிச்சிடுவாங்க.

ஆனா எஞ்சின் சத்தத்துல மயங்கிடாதீங்க. இங்க பனிக்காலம் பூரா ரோட்டுல உப்பா கொட்டறாங்க, அது அடியில போய் ஒட்டிக்கிட்டு சேசிஸ் (வண்டியத் தாங்கற அடிச்சட்டம்), பிரேக் லைன் எல்லாத்தையும் தின்னுடும். நான் முதல்ல பாத்த வண்டி மேல கண்ணாடியா மின்னிச்சு, அடியிலயும் புதுக் கருப்பு பெயின்ட், அடடா நல்லா வச்சிருக்காங்களேன்னு நினைச்சேன், பின்னாடி லீஃப் ஸ்பிரிங் மாட்டற இடத்துல ஸ்க்ரூடிரைவரால ஒரு குத்து குத்தினா அப்பளமா நொறுங்கி உள்ள போயிடுச்சு. அதுலேர்ந்து கையில ஒரு சின்ன சுத்தியல் இல்லாம வண்டி பாக்கப் போறதில்ல. ஊர்ல மண்பானை தட்டி வாங்குவோம்ல, அதேதான், கணீர்னு கேக்கணும், மொத்துனு கேட்டா கும்புடு போட்டுட்டு கிளம்பிடுங்க.

கடைசியா நான் எடுத்தது 2012 ஃபோர்டு எஃப்-150, 5.0 லிட்டர் வி8. 2015லேர்ந்து வந்த எஃப்-150ல பாடி அலுமினியம், சில பேர் "துருவே பிடிக்காது"ம்பாங்க, சேசிஸ் இன்னும் இரும்புதான், நம்பிடாதீங்க.

பேப்பர் விஷயம் சுருக்கமா: விக்கறவர் யூவிஐபி பேக்கேஜ் (வண்டியோட பழைய விவரமெல்லாம் இருக்கற அரசாங்கப் பேப்பர்) தரணும், வண்டி மேல கடன் ஏதும் இருக்கான்னு அதுலயே தெரியும். சேஃப்டி சர்டிபிகேட், அதாவது வண்டி ஓட்டத் தகுதியா இருக்குன்னு சோதிச்சுத் தர்றது, 36 நாள்தான் செல்லும், அது வாரண்டி கிடையாது. தனியாள்கிட்ட வாங்கினாலும் 13% டேக்ஸ் உண்டு, விலையக் குறைச்சு எழுதிக்கலாம்னா சும்மா சிரிச்சு வைங்க, ரெட் புக்ல (பழைய வண்டிகளோட விலைப் பட்டியல்) போட்டிருக்கற மதிப்பு அதிகமா இருந்தா அதுக்குத்தான் வரி.

இப்ப மாத்தற கதை. முதல் செலவு துரு பிடிக்காம இருக்க அடியில ஆயில் ஸ்ப்ரே, வருஷா வருஷம். அடுத்தது வின்டர் டயர், இன்சூரன்ஸ்ல கொஞ்சம் தள்ளுபடியும் கிடைக்கும். அப்புறம் பேக் கேமரா, 2018 மே மாசத்துக்கு அப்புறம் தயாரான வண்டிங்களுக்குத்தான் அது கட்டாயம், பழசுல பல வண்டியில இருக்காது, இவ்ளோ நீள வண்டிய பிளாசா பார்க்கிங்ல ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள வேர்த்துடும். கார்ப்ளே (ஐஃபோன வண்டி ஸ்கிரீன்ல காட்டறது) வர்ற ஸ்கிரீன் ஒண்ணு மாட்டி கேமராவ அதுலயே குடுத்துட்டேன், ஒரு சனிக்கிழம பூரா டேஷ்போர்ட கழட்டிப் போட்டு உக்காந்திருந்தேன், கிளிப் ரெண்டு உடைஞ்சதுதான் மிச்சம். பின்னாடி மூடற கவர் ஒண்ணு, இல்லன்னா அரிசி மூட்ட பனியில ஊறும்.

வண்டிய உசத்தற லிஃப்ட் கிட் மட்டும் வேணாம் தம்பி. மைலேஜ் போகும், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லாம மாட்டினா க்ளெய்ம் அப்ப இழுத்தடிப்பாங்க, அம்மா ஊர்லேர்ந்து வந்தா ஏணி வேற தேடணும். ஹாலோஜன் ஹெட்லைட்டுக்குள்ள எல்ஈடி பல்பையும் சொருகாதீங்க, எதுர வர்றவன் கண்ணு கூசும்.

அப்புறம் காலி பிக்கப்புக்கு பின்பக்கம் கனமே இல்ல, பனியில வாலாட்டும். பின் சக்கரத்துக்கு நேர் மேல நாலு மணல் மூட்ட போட்டு நகராம கட்டிடுங்க. ஏப்ரல்ல மறக்காம இறக்கிடுங்க, நான் ஜூன் வரைக்கும் அத பெட்ரோல் போட்டு ஊர் சுத்திக் காட்டிட்டிருந்தேன்.