புதுப்பிப்பு: ஏலக்காய் எடைச்சீட்டு ஃபைலை பைதான்ல பிரிக்கிறது, சரியாயிருச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, குமுளிக்கு மேல உள்ள தோட்டங்கள்ல இருந்து நம்ம கம்பம் கடைக்கு வர்ற எடைச்சீட்டு டெக்ஸ்ட் ஃபைல், சீட்டுக்கு நாலு வரி, நடுவுல ஒரு காலி வரி, பிரிச்சா ரெண்டு மூணு சீட்டு ஒண்ணா ஒட்டிக்கிட்டு வருதுன்னு. முடிஞ்சிருச்சு, எல்லாருக்கும் நன்றி.

வேலை செஞ்சது, இங்க பதில் போட்ட பாலக்காட்டு அண்ணன் சொன்னதுதான். ரெண்டு நியூலைன் (வரி முடிவுக் குறி) அடுத்தடுத்து வர்ற இடத்துல ஸ்ப்ளிட் பண்ணாம, வரி வரியா படிச்சு, ஸ்ட்ரிப் பண்ணினப்புறம் (ரெண்டு ஓரத்து ஸ்பேஸையும் வெட்டினப்புறம்) ஒண்ணுமில்லைன்னா சீட்டு முடிஞ்சதுன்னு வச்சுக்கணும். காலி வரின்னு நான் நினைச்சதுல பாதிக்கு ஸ்பேஸ் ஒளிஞ்சிருந்துச்சு. ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வச்சுத் தேடுற முறை) சொன்னவங்க சொன்னதும் சரிதான், எனக்குத்தான் அதைப் பார்த்தாலே தலை சுத்தும்.

எதிர்பாக்காதது ரெண்டு. கடைசி சீட்டைக் காணோம், ஃபைல் முடிவுல காலி வரி இல்லாததால லூப் முடிஞ்சப்புறம் கையில மிச்சம் நிக்கிறதையும் சேர்க்கணும். அந்தச் சீட்டு 48 கிலோ, விட்டுப்போயிருந்தா தோட்டத்துச் சேட்டன் சும்மா விட்டிருப்பாரா? அப்புறம் முதல் சீட்டுல மட்டும் 'பெயர்' கீ (விவரத்தோட தலைப்பு) இல்லைன்னு கீஎரர். பிரிண்ட்ல நல்லாத்தான் தெரியுது, மறைஞ்ச எழுத்தையும் காட்டுற ரெப்ர் போட்டா அந்தப் 'பெயர்'க்கு முன்னாடி பிஓஎம் (ஃபைல் தொடக்கத்துல வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி) ஒட்டியிருக்கு, எடிட்டர்ல சேவ் பண்ணினப்ப வந்தது. ஓப்பன் பண்றப்ப என்கோடிங் யூடிஎஃப்-8-சிக்னு குடுத்ததும் போயிருச்சு.