எம்.டி.யு.வுக்குத் தமிழ்: ‘பொதியுச்சம்’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு,

வீட்டுக் கணினியில் சில தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்கிற உதவிப் பக்கத்தின் தமிழாக்கம் எம்.டி.யு. என்ற ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. இணையத்தில் தரவு பொதி பொதியாகத்தான் போகிறது; ஓர் இணைப்பு தாங்கும் மிகப் பெரிய பொதியின் அளவே எம்.டி.யு. மற்றதெல்லாம் எளிதாக ஓடிவிட்டது. தளத்தின் முகவரியையே காணோம் என்று உலாவி உடனே சொன்னால் பெயருக்கு முகவரி தேடித் தரும் டி.என்.எஸ்.ஸில் கோளாறு. எல்லாத் தளத்திலும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தளம் மட்டும் வேறெங்கோ போய் நின்றால் பெயருக்கு முகவரியைக் கணினியிலேயே குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் யாரோ ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்கள்.

நான்காவது வகைதான் தொல்லை. பெயருக்கு முகவரி கிடைக்கிறது, ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் பிங் போய் வருகிறது, இணைப்பும் ஏற்பட்டுவிடுகிறது. அதற்கப்புறம் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வெகுநேரம் கழித்து ‘நேரம் கடந்துவிட்டது’ என்று உலாவி கைவிரிக்கிறது. பக்கத்துத் தாவலில் வேறொரு தளம் பளிச்சென்று திறக்கிறது. இப்படி இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எம்.டி.யு.வைத்தான்.

இதை ‘அதிகபட்சப் பரிமாற்ற அலகு’ என்று நேராகப் பெயர்த்தால் ‘அலகு’ இடிக்கிறது. நமக்கு அலகு என்றால் மீட்டர், கிலோகிராம். இல்லையென்றால் கிளியின் மூக்கு. இங்கே சொல்ல வந்ததோ ஒரு பொதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை. ‘பொதியுச்சம்’ என்று வைக்கலாமா? ‘இந்த இணைப்பின் பொதியுச்சம் 1492 பைட்டு’ என்று எழுதினால் உறுத்தவில்லை.

---

> ‘பொதியுச்சம்’ என்று வைக்கலாமா?

பாதி சரி. ‘பொதி’யை ஏற்கிறேன், அதற்குக் காரணமும் உண்டு. கம்பி வழிப் பிணையமான ஈதர்நெட்டில் 1500 என்பது ஐ.பி. (இணைய நெறிமுறை) பொதியின் அளவு மட்டுமே. அதற்கு வெளியே 14 பைட்டுத் தலைப்பும் 4 பைட்டுச் சரிபார்ப்பும் சேர்ந்து 1518 பைட்டுச் சட்டகமாகத்தான் கம்பியில் ஓடுகிறது. ஆகவே ‘சட்டகம்’ என்று யாராவது முன்மொழிந்தால் அது தவறு.

‘உச்சம்’தான் நெருடுகிறது. உச்ச நேரம், உச்ச வேகம் என்று பழகிய காதுக்கு, பொதிகள் மிக அதிகமாக ஓடும் நேரம் என்று படும். ‘பொதி வரம்பு’ என்றால் என்ன?

‘பொதி’ பயனருக்கு உதவுகிற இடம் இன்னொன்று இருக்கிறது. சோதனை செய்யும்போது நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ‘பிங்’ என்று அடித்து, கழித்தல் குறியோடு எஃப், கழித்தல் குறியோடு எல், அதன்பின் 1472, கடைசியில் தளத்தின் பெயர். எஃப் என்பது ‘துண்டாக்காதே’ என்கிற கொடி, எல் என்பது அளவு. லினக்ஸில் அளவுக்கு சின்ன எஸ், துண்டாக்காமல் இருக்கப் பெரிய எம்-மும் ‘டூ’ என்கிற சொல்லும். பதில் வந்தால் வழி 1500-ஐத் தாங்குகிறது. துண்டாக்க வேண்டும் என்ற செய்தி வந்தாலோ பதிலே வராவிட்டாலோ, 1464, 1452 என்று குறைத்துக்கொண்டே வந்து, பதில் வருகிற பெரிய எண்ணைப் பிடிக்க வேண்டும். எந்தக் கொடியும் இல்லாத வெறும் பிங்குக்கு அந்தத் தளம் பதில் தருகிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பிங்கையே மதிக்காத தளங்கள் உண்டு. அவற்றை வைத்து அளக்க முடியாது.

பிடித்த எண் 1464 என்றால், அதையே கொண்டுபோய் அமைப்பில் எம்.டி.யு. என்று போட்டுவிடுகிறார்கள். போடக்கூடாது. 1464 உள்ளேயிருக்கும் சரக்கு. அதன் மேல், பிங்கும் பிழை அறிவிப்புகளும் பயன்படுத்தும் ஐ.சி.எம்.பி. நெறிமுறையின் தலைப்பு 8, ஐ.பி. தலைப்பு 20. சரக்கும் கட்டிய சாக்கும் சேர்ந்ததுதானே பொதி? 1464-உடன் 28 சேர்த்தால் 1492. ‘பரிமாற்ற அலகு’ என்ற பெயர் இந்தக் கணக்கைச் சொல்லாது, ‘பொதி’ சொல்லிவிடும். (28 என்பது ஐ.பி.யின் பழைய பதிப்பான ஐபிவி4 கணக்கு. புதிய பதிப்பான ஐபிவி6-இல் தலைப்பே 40 என்பதால் 48 கூட்ட வேண்டும்.)

---

> ‘பொதி வரம்பு’ என்றால் என்ன?

வேண்டாம் ஐயா. ‘தரவு வரம்பு’ என்று மாதக் கணக்கில் எல்லாரும் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். ‘உங்கள் பொதி வரம்பு குறைவு’ என்று எழுதினால் மேலே காசு கட்டச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ‘பெரும்பொதி’ என்றும் யோசித்துப் பார்த்தேன். அது வழக்கத்தைவிடப் பெரிதான 9000 பைட்டு ஜம்போ சட்டகத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ‘உச்சம்’ மேல் உங்களுக்குள்ள குறை நியாயமானதே. ஆனால் பக்கத்தில் 1492 என்று ஓர் எண் நின்றால் அந்தக் குழப்பம் வராது. பொதியுச்சத்துக்கு என் ஓட்டு.

இதைவிட முள்ளான சொல் ஒன்று அடுத்து வருகிறது. சில தளங்கள் மட்டும் ஏன் திறக்கவில்லை என்பதை விளக்கினால்தான் அதைச் சொல்ல முடியும்.

சில அகலப்பட்டை இணைப்புகள் பயன்படுத்தும் பி.பி.பி.ஓ.இ. நெறிமுறை வழியாக வரும் இணைப்பில் 8 பைட்டு அதற்கே போய்விடுவதால் மிஞ்சுவது 1492. வி.பி.என். (மறையாக்கிய தனிவழி) இருந்தால் இன்னும் குறையும். வயர்கார்டு என்ற வி.பி.என். இயல்பாக வைப்பது 1420. கணினிக்கோ இது தெரியாது. இணைப்பைத் தொடங்கும்போதே ‘எனக்கு 1460 வரை அனுப்பலாம்’ என்று, தரவைத் துண்டங்களாக அனுப்பும் டி.சி.பி. நெறிமுறையில் அறிவித்துவிடுகிறது. ஐ.பி. தலைப்புக்கு 20, டி.சி.பி. தலைப்புக்கு 20 போக 1500-இல் மீதி அது. கைகுலுக்கல் பொதிகள் சிறியவை, தடங்கலின்றிப் போய்வரும். பிறகு தளம் தன் சான்றிதழை அனுப்புகிறது. அது சில ஆயிரம் பைட்டு, ஆகவே முழு 1500 பைட்டுப் பொதிகளாகக் கிளம்பும். 1492 மட்டுமே தாங்கும் குறுகிய வழியில் அவை நுழையாது. துண்டாக்காதே என்ற கொடி இருப்பதால் வெட்டி அனுப்பவும் முடியாது. அந்த இடத்துத் திசைவி (ரவுட்டர்) பொதியைக் கீழே போட்டுவிட்டு, ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று ஐ.சி.எம்.பி. வகை 3, குறி 4 செய்தியைத் தளத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாடு 1990-இல் ஆர்.எஃப்.சி. 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது.

பெரும்பாலான தளங்கள் அந்தச் செய்தியைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொள்கின்றன, திறந்துவிடுகின்றன. சில தளங்களின் தீச்சுவரோ (ஃபயர்வால்) பாதுகாப்பு என்ற பெயரில் ஐ.சி.எம்.பி. மொத்தத்தையும் அடைத்துவைத்திருக்கிறது. அங்கே செய்தி போய்ச் சேராது. தளம் அதே 1500 பைட்டை மறுபடி மறுபடி அனுப்பும், அது மறுபடி மறுபடி காணாமல் போகும். ஐபிவி6-இல் இன்னும் மோசம்: வழியிலுள்ள திசைவிகள் எந்தப் பொதியையும் துண்டாக்கவே கூடாது என்பது விதி.

இந்தக் காணாமல்போதலுக்கு ஆங்கிலத்தில் வானியல் உவமை. நாமும் ‘கருந்துளை’ என்று போய்விட வேண்டுமா? ‘ஊமைத்தடை’ என்பது என் முன்மொழிவு. ஊமைக்காயம், ஊமையடி என்கிறோமே, வெளியே தெரியாமல் உள்ளே இருப்பது.

---

‘ஊமைத்தடை’ அழகுதான், ஆனால் வேண்டாம். ஒருவரின் குறைபாட்டைப் பழுதுக்குப் பெயராக வைத்துப் புதுச்சொல் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊமைக்காயம் பழஞ்சொல், அது கிடக்கட்டும். இன்று நாமாக உண்டாக்குவது வேறு. இன்னொரு குறையும் உண்டு: தடை என்றால் யாரோ வேண்டுமென்றே தடுத்தது போலிருக்கிறது. ‘அரசு தடை செய்த தளமா?’ என்ற கேள்வி உடனே வரும்.

நடப்பதை நடந்தபடி சொல்வோமே: பொதி விழுங்கப்படுகிறது. நிகழ்வு ‘பொதிவிழுங்கல்’, அதைச் செய்யும் இடம் ‘பொதிவிழுங்கி’. கருந்துளை வானத்திலேயே இருக்கட்டும்.

உதவிப் பக்கத்துக்கான பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால், வழியில் பொதிவிழுங்கல் இருக்கலாம். பிங் சோதனையில் பொதியுச்சத்தைக் கண்டுபிடியுங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, பிணைய அமைப்புகளை மாற்றும் நெட்எஸ்எச் கட்டளையில் துணை இடைமுகங்களைப் (கணினியின் பிணைய இணைப்புகளை) பட்டியலிட்டால் இப்போதைய அளவும் இடைமுகத்தின் பெயரும் தெரியும். அதே பெயருக்குப் புதிய பொதியுச்சத்தைக் கொடுங்கள். நிலைத்திருக்கும்படி சேமிக்கச் சொல்லுங்கள்; தற்காலிகமாக வைத்தால் கணினியை மறுபடி தொடங்கியதும் பழைய அளவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐபிவி6 ஓடுகிற வீட்டில் 1280-க்குக் கீழே இறக்க வேண்டாம்.’

நம் கணினியில் எண்ணைக் குறைத்தால் எங்கோ இருக்கும் தளம் ஏன் சிறிய பொதி அனுப்புகிறது என்று கேட்பார்கள். 1492 வைத்ததும் கணினி 1460-க்குப் பதில் 1452 என்று அறிவிக்கும். தளம் அதற்கு மேல் அனுப்பாது. ஐ.சி.எம்.பி. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் கவலையில்லை. இந்த ஒரு வரி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பே தெரியாது.

ஒரே தளம் ஓர் உலாவியில் திறந்து இன்னொன்றில் நின்றால் அதுவும் இந்தக் கோளாறை மறுப்பதாகாது. டி.சி.பி.க்குப் பதிலாகக் குவிக் நெறிமுறையில் பேசும் உலாவி 1200 பைட்டுக்குச் சற்று மேலான பொதிகளோடு தொடங்குவதால் தப்பித்துவிடும், டி.சி.பி.யில் பேசுவது மாட்டிக்கொள்ளும்.

வீட்டில் கைப்பேசி, தொலைக்காட்சி என்று பல கருவிகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது. திசைவியிலேயே, கடந்துபோகும் டி.சி.பி. அறிவிப்பைப் பிடித்து 1460-ஐ 1452 ஆக்கிவிடலாம். பல திசைவிகளில் இதற்கு ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. ஒரு டி.சி.பி. துண்டத்தின் உச்ச அளவான அந்த 1452-க்கு (ஆங்கிலத்தில் எம்.எஸ்.எஸ்.) ‘துண்டவுச்சம்’ என்று வைத்தால் பொதியுச்சத்தோடு இணையாக நிற்கும். திசைவி அதை இழுத்துப் பிடிக்கும் செயலுக்கு ‘துண்டவுச்சக் கடிவாளம்’ என்று தற்காலிகமாக எழுதிவைத்திருக்கிறேன். ‘இறுக்கி’ என்றும் தோன்றியது, ஆனால் அது பட்டறைக் கருவி போலிருக்கிறது. இதைவிடச் சிறியதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.