.220 ஸ்விஃப்ட் வாங்கலாமா? சுட்டவங்க சொல்லுங்க

வணக்கம். நான் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை, ரிட்டையர்டு ஹவில்தார். டெக்சாஸ்ல இருக்கற அக்கா பையன், ஆட்டுக்குட்டியத் தூக்கற கொயோட்டிக்கு (நம்ம நரி மாதிரி) .220 ஸ்விஃப்ட் தோட்டா போடற ரைஃபிள் வாங்கட்டுமா மாமான்னு கேக்கறான். எனக்குத் தெரிஞ்சது பட்டாளத்து ரைஃபிளான எஸ்.எல்.ஆரும் இன்சாஸும்தான்!

1935ல வந்த தோட்டா. 48 கிரெயின் (சுமார் 3 கிராம்) குண்டு செகண்டுக்கு 1,250 மீட்டர் போகுது, இன்சாஸே 900தான். 300 கஜத்துலயும் பெருசா இறங்காது. ஆனா அந்த வெப்பத்துக்கு பேரல் தொண்டை (குண்டு பேரலுக்குள்ள நுழையற இடம்) சீக்கிரம் அரிச்சுடும். லேசான குண்டு, காத்தடிச்சா ஒதுங்கும். அவன் அனுப்பின போட்டோல கேஸோட (தோட்டாவோட பித்தளைக் கூடு) அடி விளிம்பு லேசா துருத்திட்டிருக்கு, மேகசின்ல ஒண்ணோட ஒண்ணு மாட்டுமோ?

.22-250ன்னு இன்னொரு வகை இருக்கு, கொஞ்சம் மெதுவு, தோட்டா சுலபமா கிடைக்கும். என் மனசு அதுலதான். ரெண்டையும் சுட்டவங்க, எத்தனை ரவுண்டுல பேரல் மாத்தினீங்க?