ஆட்டிசம் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கிறோம், அதுவரை பயிற்சிக்கு எங்கே போகலாம்?

ஏற்காட்டில் இருக்கிறோம். பையனுக்கு இரண்டே முக்கால் வயது. ஒன்றரை வயதில் சொன்ன 'அம்மா', 'தா' இரண்டும் நின்றுபோய்விட்டன. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பக்கத்து அறையில் பிஸ்கட் கவர் பிரித்தால் ஓடி வருவான். விரல் நீட்டி எதையும் காட்டியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப் போவான். பொம்மைக் காரைக் கவிழ்த்து, சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பான்.

பெரா டெஸ்ட் எடுத்தாயிற்று, காது நார்மல். இரண்டேகால் வயதில் குழந்தை மருத்துவர் எம்-சாட் (ஆட்டிசத்துக்கான முதல்கட்டச் சோதனை) கேள்விகள் கேட்டு 'ஹை ரிஸ்க்' என்று எழுதி, முழு மதிப்பீட்டுக்குச் சேலம் அனுப்பினார். பதிவு செய்துவிட்டோம், தேதி தை கழிந்துதான். போன், டிவி நிறுத்தியதில் கொஞ்சம் முகம் பார்க்கிறான், பேச்சு இல்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிறார் மாமியார், அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

பயிற்சி தொடங்க அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தெரியும். ஆனால் சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிறான். வாரத்துக்கு ஒருமுறைதான் இறக்க முடியும்.

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம், அறிக்கை கேட்காமல் சேர்த்துக்கொண்டு, வீட்டில் செய்ய வேண்டியதைப் பெற்றோருக்கும் சொல்லித்தரும் பேச்சுப் பயிற்சியாளர் யாராவது தெரியுமா?