கலைச்சொல் தேவை: இரைக்காக வளர்த்த எலியை நோகாமல் கொல்வதற்கு

அன்புள்ள குழுவினருக்கு,

டொரண்டோவில் மலைப்பாம்பு வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாம்புக்காக வீட்டிலேயே எலி வளர்ப்பவர்கள் அதை (‘தீனி எலி’ என்று எழுதியிருக்கிறேன்) உயிரோடு கூண்டில் விடக் கூடாது. எலி கடித்தே பாம்புக்குப் புண் வரும். முதலில் வலியில்லாமல் கொல்ல வேண்டும். இச்செயலுக்கு அகராதியில் இருப்பது ‘கருணைக்கொலை’. எழுத மனம் வரவில்லை. நோயில் துடிக்கும் உயிரை விடுவிப்பதைத்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். இந்த எலிக்கு ஒரு நோயும் இல்லை, பசி பாம்புக்கு. ஏன் கொல்கிறோம் என்பதை விட்டு, எப்படிக் கொல்கிறோம் என்பதைச் சொல்லும் சொல் வேண்டும். எலிக்குஞ்சுகளுக்குத் தனி இயல் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர், டொரண்டோ

*

அம்மா, ‘நோவாக் கோறல்’ என்று வையுங்கள். ‘நோவா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ஒற்று மிகும். கோறல் நான் புனைந்ததன்று. ‘அறவினை யாதெனின் கொல்லாமை கோறல் பிறவினை எல்லாந் தரும்’ என்னும் 321ஆம் குறளில் கொல்லுதலுக்கு அதுவே பெயர். மேலும், எலிக்குஞ்சு மரபன்று. தொல்காப்பிய மரபியல் எலிக்கும் அணிலுக்கும் குட்டி என்கிறது. பறழ் என்றாலும் தவறில்லை. எலி என்ற சொல்லே எல்லியில், அதாவது இரவில், உலவுவதால் பிறந்தது.

தமிழாசிரியர், மதுரை

*

ஐயா, தெலுங்கில் எலுக, கன்னடத்தில் இலி. அங்கேயும் இரவைக் காட்ட முடியுமா? அது நிற்கட்டும். ‘கோறல்’ என்று அச்சிட்டால் பத்தில் ஒன்பது பேர் ‘கூறல்’ என்பதன் அச்சுப்பிழையாகவே படிப்பார்கள். உயிர் போகும் விஷயத்தில் இது சிறு பிழையன்று.

பத்திரிகைப் பிழைதிருத்துநர், சென்னை

*

எனக்கு ‘நோவா’ என்பதிலேயே தயக்கம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 நெறிமுறை, எலியைக் கொல்ல, அதை அடைத்த பெட்டிக்குள் சிலிண்டரிலிருந்து வரும் கரியமில வாயுவை நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு வரை மெல்லச் செலுத்தச் சொல்கிறது. ஏன் மெல்ல? செறிவு ஏறிய வாயு மூக்கின் ஈரத்தில் அமிலமாகி எரியும்; அதற்கு முன்பே எலி நினைவிழக்க வேண்டும். அப்போதும் எலி அந்த வாயுவை வெறுத்து விலகப் பார்க்கும். மருந்தூசி சுகம்தான், ஆனால் மருந்து உடலில் தங்கிப் பாம்புக்குள் போகும். ஆகவே நாம் நோவைக் குறைக்கிறோம், அறவே நீக்கவில்லை. ‘நோவு குறைத்துக் கொல்லுதல்’ என்பதே நேர்மை.

குட்டி இயலை அம்மா கவனமாகப் பெயர்க்க வேண்டும். கருவறையில் குறைந்த காற்றோடு இருந்து பழகிய பச்சைக்குட்டி, வாயுவை நெடுநேரம் தாங்கும். வளர்ந்த எலிக்குச் சில நிமிடம் போதும். குட்டிக்கு அரை மணிக்கு மேலும் ஆகலாம். அசைவு நின்றதும் செத்ததென்று நம்பி எடுத்துவிடுகிறார்கள். சிலர் உயிரோடு உறைபெட்டியில் வைக்கிறார்கள். நாற்பது ஆண்டு கால்நடைகளைப் பார்த்த எனக்கு இதைப் படிக்கவே பொறுக்கவில்லை. குஞ்சோ குட்டியோ பறழோ, ‘பிறந்து 10 நாள் ஆகாதது’ என்று எண்ணால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், நாமக்கல்

*

‘தீனி எலி’ வேண்டாம். பாம்பு தீனி தின்னாது, இரை எடுக்கும். இரையெலி.

யாழ்ப்பாணம்

*

எல்லாருக்கும் நன்றி. இரையெலி, எலிக்குட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டேன். 10 நாள் கணக்கு எல்லா இடத்திலும் வரும். தனிமடலிலும் சேர்த்து ஐந்து பேர் ‘நோகாமல் கொல்லுதல்’ போதும் என்கிறார்கள். டாக்டர் ஐயாவின் தடை சரியானது. அதை முதல் பக்கத்திலேயே ஒரு பத்தியாக எழுதிவிட்டேன். சொல்லுக்குள் அதை அடக்க எனக்குத் தெரியவில்லை. இன்றிரவு அனுப்புகிறேன்.

டொரண்டோ

*

அம்மா, ‘நோகாமல் கொல்லுதல்’ தொடர், சொல்லன்று. நாளை இதைச் செய்பவரையும் செய்யும் பெட்டியையும் எதை அடியாக வைத்துப் பெயரிடுவீர்கள்? என் வாக்கு கோறலுக்கே. இலி, எலுக பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.

மதுரை