சுரங்கத்தில் மீத்தேன் மீட்டர் குறைவாகக் காட்டியும் நிலக்கரி சீறி வெளியே கொட்டுவது ஏன்?

பாறைவாசி: ஒரே கரிப்படுகை, ஒரே ஆழம். கரி வெட்டும் முகப்பில் மீத்தேன் 0.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் நிலப்பிளவை நெருங்கும்போது மட்டும் கரியும் வாயுவும் சேர்ந்து சீறுகின்றன. மீட்டருக்குத் தெரியாமல் அங்கே என்னதான் இருக்கிறது?

துளைக்கோல்: மீட்டர் காட்டுவது காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட வாயுவை. ஆபத்தானது கரியின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டிக் கிடப்பது. பிளவை ஒட்டிய கரி முன்பே நைந்துபோனது. விரலால் நசுக்கினாலே மாவாகும். வாயு கசிந்து வெளியேறவும் வழி குறைவு, அதனால் முகப்புக்கு மிக அருகிலேயே முழு அழுத்தமும் தேங்கி நிற்கும். நடுவே இருக்கும் சில மீட்டர் தளர்ந்த கரிதான் அடைப்பான். வெடிவைத்தோ வேகமாக வெட்டியோ அதை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் கரி அடுக்கடுக்காக உரியும். புதிய பரப்புகளிலிருந்து வாயு விடுபட்டுத் தூளை வாரிக்கொண்டு வரும். பாறை அழுத்தம், வாயு, நைந்த கரி மூன்றும் கூட வேண்டும். சீன விதிகளில் எச்சரிக்கை எல்லை 0.74 மெகாபாஸ்கல் வாயு அழுத்தம், அல்லது டன்னுக்கு 8 கனமீட்டர் வாயு.

கரித்தூள்: முகப்பில் செய்யக்கூடிய சோதனை எளிது. 42 மி.மீ. விட்டமுள்ள துளையை 8 முதல் 10 மீட்டர் வரை போட்டு, மீட்டருக்கு மீட்டர் தூளை நிறுங்கள். துளையின் கனஅளவு மீட்டருக்கு 1.4 லிட்டர்தான், அதாவது சுமார் 2 கிலோ. ஒரு மீட்டரில் 6 கிலோ வந்தால் துளைச்சுவர் உள்ளே இடிந்து கொட்டுகிறது, வேலையை நிறுத்துங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: துளைக்கச் சுலபம் என்று கெட்டியான கரிப் பட்டையில் போடுவார்கள். மிக மெத்தென்ற பட்டையில் போட வேண்டும். கோல் இறுகிப் பிடித்தாலோ, துளை தூளைத் துப்பினாலோ, உள்ளே படபடவெனச் சத்தம் கேட்டாலோ எடைக்குக் காத்திருக்காதீர்கள், ஆட்களை வெளியேற்றுங்கள்.

பாறைவாசி: மீத்தேனே இல்லாத படுகை என்றால் பயமில்லையா?

துளைக்கோல்: அப்படி நினைக்கவே கூடாது. 1954-இல் குயின்ஸ்லாந்தின் காலின்ஸ்வில் சுரங்கத்தில் 7 பேரைக் கொன்ற சீற்றத்தில் வந்தது கார்பன் டை ஆக்சைடு. அதே அழுத்தத்தில் கரி அதை மீத்தேனைவிட அதிகமாகப் பிடித்து வைக்கும். மீத்தேன் மீட்டரோ வாய் திறக்காது.

கரித்தூள்: இன்னொன்று, தீப்பொறி வாயுவைப் பற்றவைக்காமலிருக்க மின்சாரத்தைக் காற்று வெளியேறும் பாதையில் மட்டும் துண்டித்தால் போதாது. 2004 அக்டோபரில் ஹெனான் மாகாணத்தின் தாபிங் சுரங்கத்தில் சீறிய வாயு காற்றோட்டத்தை எதிர்த்துப் புதுக்காற்றுப் பாதைக்குள் புகுந்தது. சுமார் அரைமணி நேரம் கழித்து வெடித்து 148 பேர் இறந்தார்கள். புதுக்காற்றுப் பாதையில் எதிரோட்டத்தைத் தடுக்கும் கதவுகள் கட்டாயம். வெடிவைக்கும் முன் அவற்றை மூடிவிட்டார்களா என்று பாருங்கள்.