ஒரே பதிவு பல வரியாக ஏறிவிட்ட அனுபவம் உண்டா?

மரங்கொத்தி:
தலைப்பிலேயே புரிந்திருக்கும். காட்டுக்குள் சிக்னல் இல்லை, பார்த்த உயிரினங்களைப் பதியும் செயலியில் போட்டு வைத்தேன், வெளியே வந்ததும் சிங்க் ஆகட்டும் என்று விட்டேன். எல்லோரும் செய்வதுதான். வட்டம் சுற்றியது, 'அனுப்ப இயலவில்லை' என்றது, தானாகவே மறுபடி முயன்றது. அப்புறம் கணினியில் திறந்தால் ஒரே கூகை ஆறு வரியாக நிற்கிறது. அதே நிமிடம், அதே இடம், அதே படம்.

அதுகூடப் பரவாயில்லை. கீழே முன்பின் தெரியாத ஒருவர் ஆசையாகக் கேட்டிருந்தார்: "ஒரே மரத்தில் ஆறு கூகையா? குஞ்சுகளும் உண்டா?" வரைபடத்தில் ஒரே புள்ளிதான் தெரிந்தது, ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்ததால். தொகுப்பு அட்டவணையிலோ எண்ணிக்கை ஆறு. அவராவது கேட்டார். கேட்காமல் அந்த ஆறை எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ என்பதுதான் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி நடந்ததா?

சர்வர்சாமி:
நடந்தது, ஆனால் நான் பார்த்தது சர்வர் பக்கத்திலிருந்து. 'அனுப்ப இயலவில்லை' என்று போன் சொன்னதை நம்ப வேண்டாம். பதிவு போய்ச் சேர்ந்திருக்கும். 'கிடைத்தது' என்ற பதில்தான் திரும்பி வந்திருக்காது. போனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, மறுபடி அனுப்பும். ஒரு நாள் வந்ததையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் லாக்கைத் திறந்தேன். ஒரே மைனா, 30 வினாடிக்கு ஒன்றாக, மணி அடித்த மாதிரி வந்து விழுந்துகொண்டே இருந்தது. பதிலுக்காக அந்தச் செயலி காத்திருந்த நேரம் 30 வினாடி. அந்த மைனாவை இன்னும் மறக்க முடியவில்லை.

இதற்கு மருந்து ஒன்றுதான். பதிவை உருவாக்கும்போதே போன் அதற்கு ஒரு யூயூஐடி, அதாவது தனி அடையாள எண், கொடுத்துவிட வேண்டும். 128 பிட் எண், இரண்டு பதிவுக்குத் தற்செயலாக ஒன்றே அமையும் என்ற பயம் வேண்டாம். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண் போகும். 'ஏற்கெனவே இருக்கிறது' என்று தரவுத்தளமே இரண்டாவதைத் திருப்பிவிடும். எண்ணைக் கொடுக்கும் வேலையைச் சர்வரிடம் விட்டால் ஒவ்வொரு முறையும் புது எண் விழும், கோளாறு அங்கேதான்.

இரட்டிப்பு எதனால் என்று தெரிய, உயிரினத்தைக் கண்ட நேரத்தை விடுங்கள், பதிவு ஏறிய நேரத்தைப் பாருங்கள். வினாடிக் கணக்கில் இடைவெளி என்றால் மறு அனுப்பல். நாள், மாதக் கணக்கில் என்றால் யாரோ பழைய சிஎஸ்வி அட்டவணைக் கோப்பை மீண்டும் ஏற்றியிருக்கிறார்கள்.

புழுப்பிரியன்:
சர்வர்சாமி சொல்வது வருமுன் காப்பது. வந்தபின் தளத்துக்காரர்கள் செய்யும் சுத்தம் இருக்கிறதே, என் எரிச்சல் அதில்தான். ஒரு தளத்தில் 'இனம், நாள், இடம், ஆள் நான்கும் ஒன்றானால் ஒன்றை மட்டும் வை' என்று ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல், ஓட்டினார்கள். ஒரே எலுமிச்சைச் செடியில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் முட்டை, புழு, முட்டையிட வந்த தாய் மூன்றையும் மூன்று வரியாகப் போட்டிருந்தேன். வளர்நிலைக்கு ஒரு வரி என்பது அந்தத் தளமே வைத்த முறை! பிறகு என் தரவை இறக்கி 'புழு' என்று வடிகட்டினால் பூஜ்யம். பறக்கும் பூச்சி மட்டும் மிச்சம். அது எங்கிருந்தும் பறந்து வந்திருக்கலாம். அங்கேயே இனப்பெருக்கம் நடக்கிறது என்பதற்கு இருந்த சான்று போயே போய்விட்டது.

மரங்கொத்தி, உங்கள் ஆறு கூகை யார் கண்ணையும் உறுத்தும். என் புழு காணாமல் போனது எனக்குத் தவிர யாருக்கும் தெரியாது.

காலைநடை:
கூட்டமாகப் போன ஒரு நடையில் ஆளாளுக்குத் தனிப் பட்டியல் அனுப்ப, ஒரே நாரைக் கூட்டம் மும்மடங்கானது. என் கதை அவ்வளவுதான். ஆனால் புழுப்பிரியன், ஸ்கிரிப்டை மட்டும் திட்டிப் பயனில்லை. எது இரட்டைப் பதிவு என்பது தளத்துக்குத் தளம் மாறும், அதைத் தெரிந்துகொள்ளாமல் பேசக்கூடாது.

பறவைப் பட்டியல்களுக்கான இ-பேர்டில் ஒருவர் பட்டியலை அனுப்பிவிட்டு மற்றவர்களுடன் பகிர வேண்டும். அப்படிப் பகிர்ந்தவை ஒரே குழு எண்ணால் இணைந்திருக்கும். தான் பார்க்காத பறவையை அவரவர் தன் படியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். ஆர் என்ற கணினி மொழியில் இருக்கும் 'ஆக்' என்ற நிரல் தொகுப்பு அந்தக் குழு எண்ணை வைத்து ஒரு குழுவுக்கு ஒரு பட்டியல் என்று சுருக்கித் தரும். பகிராமல் தனித்தனியே அனுப்பினால் குழு எண்ணே கிடையாது, 'ஆக்'கும் கைவிரிக்கும். எல்லா உயிரினங்களையும் பதியும் ஐநேச்சுரலிஸ்டில் கதை வேறு. ஒரே பறவையை இருவர் பார்த்தால் இருவருக்கும் தனிப் பதிவு, இரண்டும் செல்லும். ஒரே ஆள் ஒரே உயிரை ஒரே நேரத்தில் எடுத்த நாலு படங்களை நாலு பதிவாகப் போட்டால்தான் தப்பு. ஏற்றும் பக்கத்திலேயே ஒரு படத்தை இன்னொன்றின் மேல் இழுத்துப் போட்டால் சேர்ந்துவிடும்.

தானியங்கிக் கேமரா வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரே இடத்தில் ஒரே இனம் அரை மணிக்குள் மறுபடி விழுந்தால் ஒரே நிகழ்வாகக் கொள்வது பலரின் வழக்கம். அப்புறம், இடத்தை ஒப்பிடும்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். அட்சரேகையில் நாலாவது தசமம் சுமார் 11 மீட்டர், மூன்றாவது சுமார் 111 மீட்டர். ஒரு கோப்பில் ஆறு தசமமும் மற்றதில் மூன்றும் இருந்தால் கணினிக்கு அவை வெவ்வேறு இடம்.

நள்ளிரவுவிளக்கு:
காலைநடை, இவ்வளவையும் கேட்டது யார்? :)

என்னுடையது சின்ன விஷயம். செயலி நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதியது, இணையப் படிவம் உள்ளூர் நேரத்தில் எழுதியது. நள்ளிரவு தாண்டி வெளிச்சம் போட்ட திரைக்கு வந்த ஒரே அந்துப்பூச்சிக்கு ஒரு வரியில் நேற்று, இன்னொன்றில் இன்று. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருந்தால் இந்தத் தொல்லை உண்டு. தேதி வேறு என்பதால் எந்த ஸ்கிரிப்டும் பிடிக்கவில்லை. பருவ வரைபடத்தில் அந்தப் பூச்சி ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டதாகப் பெருமையாகக் காட்டுகிறது. அறிவியல் பெயர் மாறினாலும் இதே கதைதான். புள்ளிப்புறா ஒரு வரியில் பழைய பெயரான ஸ்ட்ரெப்டோபெலியா, அடுத்ததில் புதிய ஸ்பைலோபெலியா.

எட்டுக்கால்:
எனக்குச் சண்டை எதை அழிப்பது என்பதில். ஒரு தளத்தில் 'கடைசியாக வந்ததை வை' என்று முடிவு செய்தார்கள். முதல் வரியில்தான் ஒரு சிலந்தி நிபுணர் கண்களின் அமைப்பைப் பார்த்து, ஏன் இது அந்த இனம் அல்ல என்று பொறுமையாக எழுதி வைத்திருந்தார். வரியோடு அதுவும் போயிற்று. "நான் எழுதியது எங்கே?" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். என்ன பதில் எழுத?

அந்தத் தரவு, பல தளங்களின் உயிரினப் பதிவுகளை ஒன்றாகத் திரட்டும் ஜிபிஐஎஃப்புக்கும் போகிறது. அங்கே தளம் கொடுக்கும் பதிவு அடையாள எண் மாறினால் அது புதுப் பதிவு. பழைய இணைப்பைச் சொடுக்கினால் நீக்கப்பட்டது என்று வருகிறது. இத்தனைக்கும் வெவ்வேறு தரவுத் தொகுப்புகளில் ஒன்றுபோல் தெரியும் பதிவுகளை ஜிபிஐஎஃப் அழிப்பதில்லை, தொடர்புடையவை என்று சேர்த்துக் காட்டுவதோடு சரி. அந்த நிதானம் இவர்களுக்கு இல்லை.

மரங்கொத்தி:
சர்வர்சாமி, ஏறிய நேரத்தைப் பார்த்தேன். வினாடிக் கணக்குதான், மறு அனுப்பலேதான். எட்டுக்கால் சொன்னதைப் படித்ததும் அழிக்கக் கை போகவில்லை. நிர்வாகிகளுக்கு எழுதினேன், கருத்து விழுந்த வரியை வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் அதோடு இணைத்துத் தந்தார்கள். குஞ்சு கேட்டவருக்கும் ஒரே கூகைதான் என்று பதில் போட்டாயிற்று. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

காலைநடை:
இணைத்தது சரி. ஆனால் எண்ணிக்கைப் பத்தியையும் பாருங்கள், சில தளங்களில் இணைக்கும்போது எண்களைக் கூட்டிவிடுவார்கள்.

மரங்கொத்தி:
பார்த்தேன். ஆறுதான் இருக்கிறது. மறுபடி எழுதுகிறேன்.